சகலை வண்டி இறங்கும் சத்தம்

கேஜ்காரர் தன் சகலைமேல் பொறாமைப்பட்டார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நேரத்துக்கு வேலைக்குப் போய் நேரத்துக்கு வீடு திரும்பிய ஒரு மெக்கானிக் என்பதற்குமேல் எழுத ஒன்றும் மிஞ்சாது.

பட்டறையில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு கேஜ் இருக்கும். விசிறிபோல விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். இன்ஜினுக்குள் இரண்டு பாகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை அந்தத் தகட்டை நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். தகடு சுலபமாகப் போய்விடவும் கூடாது, சிக்கவும் கூடாது. இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். எவ்வளவு லேசாக என்பது கேஜ்காரரின் விரல்களுக்குத் தெரியும். அதனால் வால்வு வேலை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். துவைக்க ஊறவைத்த சட்டையிலிருந்து கேஜை எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவி வைப்பது அவர் மனைவியின் வேலைகளில் ஒன்றாகிப் போயிருந்தது.

சகலை லாரி டிரைவர். மனைவியின் தங்கையைக் கட்டியவர். அவருக்குப் பட்டறை வைத்த பெயர் முழக்கம்.

மலைமேல் கல் குவாரி இருந்தது. அடிவாரத்தில் கல்லுடைக்கும் ஆலை, பட்டறை, தொழிலாளர் வீடுகள். நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஒரு சாலை. லாரிகள் காலியாக ஏறிக் கல்லோடு இறங்கும். ஏறுவது இன்ஜினின் வேலை, இறங்குவது பாரத்தின் வேலை என்று டிரைவர்கள் சொல்வார்கள். இறக்கம் முழுக்கக் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்துக்குள் இருக்கும் லைனிங் சூடேறும், நாறும், புகையும். அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. ஆகவே அந்த வண்டிகளில் இன்ஜின் பிரேக் வைத்திருந்தார்கள்.

இன்ஜின் பிரேக் போட்டு இறங்கும் வண்டி சும்மா இறங்காது, உறுமிக்கொண்டு இறங்கும். எல்லா வண்டியும் உறுமும் என்றாலும் முழக்கத்தின் வண்டி உறுமினால் வீட்டுக் கதவுகளின் கொண்டிகள் ஆடும். சாயங்காலம் கடைசி நடைக்கு அந்தச் சத்தம் மேல் வளைவில் கேட்டதும், கேஜ்காரர் வீட்டில் இருக்கும் அவருடைய மாமியார் எழுந்து அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பார்.

"சின்னவர் இறங்கிட்டார்."

இத்தனைக்கும் சின்னவர் போய் டீ குடிக்கப் போவது இரண்டு வரிசை தள்ளியிருக்கும் அவருடைய சொந்த வீட்டில். அந்த டீயைக் குடிப்பது பெரிய மாப்பிள்ளையான கேஜ்காரர்தான். ஆனால் அவர் நடந்து வருபவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவர் வந்தது வீட்டுக்குத் தெரியும். இன்னொருவர் வந்த சத்தத்துக்கு வைத்த டீயைத் தான் குடிக்கிறோம் என்பது அவருக்குத் தொண்டையிலேயே நின்றது.

ஒரு விடுமுறை நாளில் அவர் மனைவி கேட்டார். "தங்கச்சி வீட்டுக்காரர் மலையிலேர்ந்து இறங்கறப்போ பிரேக்கைக் காலால தொடவே மாட்டாராமே?"

"யார் சொன்னா?"

"தங்கச்சிதான்."

"அவனைத் தொடாம இருக்க வைக்கிறது யாருன்னு உன் தங்கச்சிகிட்டக் கேளு."

"ஏன் இப்படி எரிஞ்சு விழறீங்க? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்களேன்."

கேஜ்காரர் உள்ளே போய் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து வந்தார். முற்றத்தில் நிறுத்தி, குழாயின் வாயை விரலால் இறுக்கி மூடிக்கொள்ளச் சொன்னார். கைப்பிடியை முழு பலத்தோடு கீழே அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். கைப்பிடி துள்ளி மேலே வந்தது.

"பாத்தியா? நான் போட்ட பலத்தை அது வச்சுக்கலை. திருப்பிக் கொடுத்துடுச்சு. சும்மா கியர்ல விட்டு டீசலை மட்டும் நிறுத்தினா இவ்வளவுதான் நடக்கும். பிஸ்டன் மேல ஏறிக் காத்தை நசுக்கும், நசுங்கின காத்து பிஸ்டனைத் திருப்பிக் கீழ தள்ளிடும். வாங்கினதும் கொடுத்ததும் சரியாப் போச்சு. வண்டிக்கு என்ன நஷ்டம்? அது பாட்டுக்கு ஓடும்."

"சரி."

"இப்ப மறுபடி மூடு. நான் அடிமட்டம் வரைக்கும் அழுத்தினதும் சொல்றேன், சொன்ன உடனே விரலை எடு. முன்னாடியும் எடுக்காத, பின்னாடியும் எடுக்காத." அழுத்தினார். "எடு!"

டுப்பென்று காற்று வெளியேறியது. கைப்பிடி கீழேயே கிடந்தது.

"திரும்பி வரலை பாரு. நான் அழுத்தினதெல்லாம் காத்தோட போச்சு. இதான் இன்ஜின் பிரேக்."

"அங்க அழுத்தறது யாரு?"

"வண்டியோட பாரம். பாரம் சக்கரத்தை உருட்டுது, சக்கரம் இன்ஜினைச் சுத்துது, இன்ஜின் பிஸ்டனை மேல தள்ளுது. ஒவ்வொரு தடவையும் நசுக்கணும், ஒவ்வொரு தடவையும் நசுக்கினது கையைவிட்டுப் போகும். இப்படியே பண்ணிப் பண்ணி அந்தப் பாரம் களைச்சுப் போகணும்."

"விரலை எடுக்கறது?"

"புகை போற வால்வு. அது எந்த நேரத்துல, எவ்வளவு திறக்கணும்னு வைக்கிறது நான்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவர் பம்பையே எடுத்து வந்திருந்தார்.

திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார் கேட்டார். "அப்போ அந்த டுப்புதான் சின்னவரோட சத்தமா?"

"எல்லா வண்டிக்கும் அதே டுப்புதான் அத்தை. ஒரு நொடிக்குள்ள பல டுப்பு. சேர்ந்து கேக்கறப்போ உறுமலாத் தெரியுது."

"மத்த வண்டி அப்படி உறுமலையே."

"அவன் வண்டி சைலன்சர் உள்ளுக்குள்ள அரிச்சுப் போயிருக்கு. அதனாலதான் அவ்வளவு சத்தம். சத்தம் ஜாஸ்தின்னா பிடி ஜாஸ்தின்னு அர்த்தமில்ல."

மாமியாரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேஜ்காரருக்கு அந்தப் பார்வை புரிந்தது. உண்மையைச் சொன்னாலும் பொறாமையில் சொன்னதாகத்தான் கேட்கிறது. அதைவிடக் கொடுமை, அவர் பொறாமையில்தான் சொன்னார்.

"எதுவோ," என்றார் மனைவி. "அந்தச் சத்தம் கேட்டா ஒரு தைரியமா இருக்கு."

மனைவி அதை ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. கேஜ்காரர் அதைப் பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்குப் புது சைலன்சர் போட வேண்டும் என்று போர்மேனிடம் சொல்லிக்கொண்டேயிருந்தார். போர்மேன் ஒருநாள் சலித்துப்போய், "இந்த யார்டுல இத்தனை வண்டி நிக்குது, உன் சகலை வண்டிமேல மட்டும் என்னய்யா உனக்கு இவ்வளவு பாசம்?" என்று கேட்டார். பட்டறையே சிரித்தது.

அந்த வண்டிக்கு வால்வு வேலை வந்த நாளில், கேஜ்காரர் காலையிலேயே மேல்மூடியைக் கழற்றிவிட்டார். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். சூட்டில் இரும்பு விரியும், இடைவெளி பொய் சொல்லும். ஆறு சிலிண்டர்களுக்கும் மேலே இன்ஜின் பிரேக்கின் சிறு பிஸ்டன்கள் இருக்கும். டிரைவர் ஸ்விட்சைப் போட்டால் எண்ணெய் அழுத்தம் அவற்றைக் கீழே இறக்கி, வால்வைத் திறக்கவைக்கும். ஒவ்வொன்றுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு திருகாணியால் வைத்து, அது சுழலாதபடி லாக்நட்டால் இறுக்க வேண்டும். இடைவெளி கூடினால் வால்வு நேரம் கழித்து, குறைவாகத் திறக்கும். பிடி குறையும். இடைவெளி குறைந்தால் வால்வு அளவுக்குமேல் இறங்கிப் பெரிய பிஸ்டனில் முட்டும். முட்டினால் இன்ஜின் போயிற்று.

இதில் ஒரு சங்கடம் உண்டு. லாக்நட்டை இறுக்கும்போது திருகாணியும் கூடவே கொஞ்சம் சுற்றிக்கொள்ளும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் பார்ப்பதில்லை. கேஜ்காரர் எப்போதும் பார்ப்பார்.

நான்கு சிலிண்டர் முடித்து ஐந்தாவதில் திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது முழக்கம் வந்து, மட்கார்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு."

"அத்தை கொஞ்ச நாள் எங்க வீட்ல வந்து இருக்கேங்கறாங்க."

"நீ கூப்பிட்டியா?"

"இல்லண்ணே, அவங்களேதான் கேட்டாங்க. எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்தா ரோடு தெரியுமாம். வண்டி இறங்கறதைப் பார்த்துக்கிட்டே இருக்கலாமாம். வயசானவங்க, என்னவோ ஆசைப்படறாங்க. உங்ககிட்டக் கேக்கத் தயங்கினாங்க, அதான் நான் வந்தேன்."

இத்தனை வருஷம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அத்தை, தன்னிடம் கேட்கத் தயங்கி, அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கேஜ்காரர் முகத்தைத் தூக்கவில்லை.

"தாராளமாப் போகச் சொல்லு. நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்?"

"கோவமாண்ணே?"

"வேலை நேரத்துல தலைக்குமேல நிக்காத. நிழல் விழுது."

முழக்கம் போய்விட்டார். கேஜ்காரர் ஆறாவது சிலிண்டரையும் முடித்து, மூடியைப் போட்டார். மறுநாள் மாமியார் ஒரு பெட்டியோடும் ஒரு தலையணையோடும் இரண்டு வரிசை தள்ளிக் குடிபோனார்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், மேல் வளைவில் அந்த வண்டி இறங்கும் சத்தம் கேட்டது. வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த கேஜ்காரர் சொம்பைக் கீழே வைத்தார். சத்தம் எப்போதும்போலப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் சீரான உறுமலுக்குள் ஒரு நொண்டல் இருந்தது. கடைசி வளைவில் வேகம் குறையக் குறைய நொண்டல் தெளிவாகியது. ஆறில் ஒன்று வேலை செய்யவில்லை.

அவருக்கு ஏற்பட்டது சந்தோஷம். அதை வேறு பெயரில் சொல்ல முடியாது. ஊரே வாய் பிளக்கும் சத்தத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது, அது தன் ஒருவன் காதுக்கு மட்டும் தெரிகிறது. அன்று இரண்டு வரிசை தள்ளிப் போய்ச் சும்மா எட்டிப்பார்த்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமியார், "கேட்டீங்களா மாப்பிள்ளை? இன்னைக்கு ஒரு குலுக்கலோட வருது. யானை ஆடி ஆடி வர்ற மாதிரி இல்ல?" என்றார்.

"ஆமா அத்தை. ரொம்ப அழகா இருக்கு," என்றார் கேஜ்காரர்.

அதே வாரம் ஒரு செய்தி வந்தது. மலைமேல் மூடப்பட்ட பழைய பகுதியில் கிடந்த பெரிய அரவை எந்திரத்தை ஒரே துண்டாகக் கீழே கொண்டுவரப் போகிறார்கள். வழக்கமான கல் பாரத்தைவிட அது மிகவும் கனம். இறக்க முழக்கத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மாமியார், மனைவி, மனைவியின் தங்கை மூவரும் அதையே பேசினார்கள். ஆலையின் வாசலில் நின்று பார்க்கப் போவதாகத் திட்டம் போட்டார்கள்.

ஐந்து சிலிண்டரோடு இறங்கட்டும் என்று கேஜ்காரர் நினைத்தார். வண்டி கவிழ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவ்வளவு கெட்டவர் அல்ல. பிடி போதாமல் அவன் கால் பிரேக்கை மிதிக்க வேண்டும், மிதித்து மிதித்துச் சக்கரங்கள் புகைய வேண்டும், அந்த நாற்றத்தோடு ஆலை வாசலில் வந்து நிற்க வேண்டும், அதை எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

எந்திரம் இறக்குவதற்கு முந்தைய நாள் வேறொரு வண்டிக்கு வால்வு வேலை செய்துகொண்டிருந்தார். இடைவெளி வைத்தார், லாக்நட்டை இறுக்கினார், மறுபடி தகட்டை நுழைத்தார். தகடு பாதியில் இருக்கும்போது கை நின்றுவிட்டது. சகலை வண்டியின் ஐந்தாவது சிலிண்டரில் இப்படி மறுபடி தகடு நுழைத்த நினைவு இல்லை. பின்னால் போய் யோசித்தார். லாக்நட்டை இறுக்கிய நினைவே இல்லை. "நிழல் விழுது" என்று சொன்னது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஆறாவதில் கை வைத்தது நினைவிருக்கிறது.

அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த ஓட்டை அவருடைய கையால் போட்டது.

இறுக்காத திருகாணி அதிர்வில் மெல்லச் சுழலும். இப்போதைக்கு வெளியே சுழன்று இடைவெளி கூடியிருக்கிறது, அதனால் பிடி மட்டும் போயிருக்கிறது. அது உள்ளேயும் சுழலலாம். பாரத்தோடு நடு இறக்கத்தில் வால்வு பிஸ்டனை முட்டி இன்ஜின் உடைந்தால், பிடிக்க மிச்சமிருப்பது கால் பிரேக் ஒன்றுதான். அவ்வளவு கனத்தை அது எத்தனை வளைவுக்குத் தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

போர்மேனிடம் சொன்னால் விஷயம் அரை மணியில் பட்டறை முழுக்கப் பரவும். கேஜ்காரர் நட்டை விட்டுவிட்டாராம். சகலைக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியும். அவரிடம் இருந்த ஒரே சொத்து, அவர் கைவேலையில் தப்பு வராது என்ற பேச்சு. சத்தம், சிரிப்பு, மனுஷர்களைக் கவரும் சாமர்த்தியம் எல்லாம் சகலையிடம் இருந்தன. இந்த ஒன்றுதான் இவரிடம். யாரிடமும் சொல்லாமல் விடியற்காலையில் தானே சரிசெய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் பொழுது வெளுத்ததும் யார்டுக்குப் போனார். இன்ஜின் சில்லென்று இருந்தது. மேல்மூடியைக் கழற்றி ஐந்தாவது லாக்நட்டை விரலால் தொட்டார். ஸ்பேனர் தேவைப்படவில்லை, விரலுக்கே சுற்றியது. திருகாணி நன்றாக மேலேறி நின்றது.

"வந்துட்டீங்களாண்ணே?"

கேஜ்காரர் தலையை மூடியின் விளிம்பில் இடித்துக்கொண்டார். முழக்கம் கையில் ஒரு துணியோடு நின்றுகொண்டிருந்தார், கண்ணாடி துடைக்க வந்தவர்போல.

"என்ன வந்துட்டீங்களா? யாரை எதிர்பார்த்த?"

"உங்களைத்தான். அஞ்சாவதா, ஆறாவதா?"

முழக்கம் பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்தார்.

"மூணு நாளா வண்டி பிடி கொஞ்சம் கம்மியா இருக்கு. ஸ்விட்சை ரெண்டு சிலிண்டர், நாலு, ஆறுன்னு மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன். கடைசி ரெண்டு சிலிண்டர்ல ஏதோ ஒண்ணுன்னு தெரிஞ்சுது. ஒரு கியர் குறைச்சு, இன்ஜினை வேகமாச் சுத்தவிட்டு இறங்கினேன். சமாளிச்சுது."

"போர்மேன்கிட்டச் சொன்னியா?"

"எப்படிண்ணே சொல்றது? போன வாரம் வேலை பண்ணது நீங்க. சொன்னா உங்க பேருதானே அடிபடும். உங்க காதுக்குத் தப்பாது, நீங்களே வந்து பார்ப்பீங்கன்னு விட்டுட்டேன்."

கேஜ்காரருக்கு முதலில் வந்தது நன்றியில்லை, ஆத்திரம். இவன் இதிலும் ஜெயித்துவிட்டான். மூன்று நாளாகத் தன் மானத்தைத் தனக்குத் தெரியாமல் இவன் சுமந்துகொண்டு இறங்கியிருக்கிறான். அதே மூன்று நாள் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவருக்குத் தெரியும்.

"அறிவிருக்காடா உனக்கு?" என்று கத்தினார். "இது என்ன சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல நடந்த சண்டையா, மூடி மறைக்க? இந்தத் திருகாணி வெளியில வந்ததால நீ நிக்கிற. உள்ள போயிருந்தா? நடு ரோட்டுல வால்வு முட்டி இன்ஜின் உடைஞ்சா எதைப் பிடிச்சு நிறுத்துவ? உன் சிரிப்பைக் காட்டியா?"

முழக்கத்தின் முகம் மாறியது. "அது உள்ளயும் போகுமா?"

"போகும்."

"எனக்குத் தெரியாதுண்ணே." துணியை மடித்தார், பிரித்தார். "பிடி கம்மியாகும், அவ்வளவுதான்னு நினைச்சேன்."

பிறகு முழக்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "யாரும் வரலை. இறுக்கி மூடிடுங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

கேஜ்காரர் ஸ்பேனரை எடுத்தார். திருகாணியை இறக்கி, தகட்டை நுழைத்து, இடைவெளி வைத்து, நட்டை இறுக்கி, மறுபடி பார்த்தார். சரியாக இருந்தது. மற்ற ஐந்தையும் பார்த்தார். அவையும் சரியாக இருந்தன. மூடியைக் கையில் எடுத்தவர் அதைப் பொருத்தாமல் நின்றார். சரியாக இருக்கிறது என்று சொல்வது யார்? போன வாரமும் சரியாக இருக்கிறது என்று இதே கைதான் மூடியைப் போட்டது.

மூடியைக் கீழே வைத்துவிட்டுப் போர்மேன் அறைக்குப் போனார். முழக்கம் பின்னாலேயே, "அண்ணே, அண்ணே," என்று வந்தார்.

போர்மேன் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். "அஞ்சாவது லாக்நட்டை இறுக்காம விட்டுட்டேன்," என்றார் கேஜ்காரர். "இப்ப இறுக்கிட்டேன். ஆனா வேற ஒருத்தர் தகடு போட்டுப் பார்த்தாத்தான் வண்டி கிளம்பணும்."

போர்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா?"

"நான்தான்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

போர்மேன் எழுந்தார். தானே வந்து ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்குள் பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து சுற்றி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் தேவலை என்று கேஜ்காரருக்கு இருந்தது. பார்த்து முடித்த போர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சரியா இருக்கு. நீயும் கூடப் போ. அவனுக்குக் கை கால் வேலை, உனக்குக் காது வேலை. நொண்டினா அங்கேயே நிறுத்துங்க."

இத்தனை வருஷத்தில் கேஜ்காரர் பாரத்தோடு அந்த இறக்கத்தில் வந்ததில்லை. எந்திரத்தை ஏற்றிக் கட்டி முடித்ததும், இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே முழக்கம் வண்டியை நிறுத்திக் கீழ் கியருக்கு மாற்றினார். "நடுவுல மாத்த முடியாதுண்ணே. கிளட்சை மிதிச்சேன்னா இன்ஜினும் சக்கரமும் பிரிஞ்சுடும். அப்புறம் உங்க இடைவெளியும் இல்ல, என் முழக்கமும் இல்ல." பிறகு ஸ்விட்சைப் போட்டார்.

கேஜ்காரர் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. காலுக்கடியில் ஒரு குமுறல் மட்டும் இருந்தது. உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது, பின்னாலிருந்து யாரோ வண்டியின் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல. குமுறல் சீராக இருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். ஆறும் இருந்தன.

கண்ணைத் திறந்து சகலையைப் பார்த்தார். முழக்கம் சும்மா உட்கார்ந்து வருபவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். சும்மா இல்லை. ஸ்விட்சில் மூன்று நிலை இருந்தது. இரண்டு சிலிண்டர், நாலு, ஆறு. சரிவு கூடும்போது ஏற்றியும் குறையும்போது இறக்கியும் விரல் நுனியால் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தார். இன்ஜின் வேகம் காட்டும் முள் ஒரே இடத்தில் நின்றது. கேஜ்காரர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். இப்போது பொறாமைப்பட நியாயமான காரணமும் கிடைத்துவிட்டது.

ஒரு கூர்மையான வளைவில் முழக்கத்தின் கால் பிரேக்கில் ஒருமுறை பட்டு எழுந்தது.

"தொட்டியே!" என்றார் கேஜ்காரர்.

"வளைவுல தொடுவேன். எப்பவும் தொடுவேன்."

"தொடவே மாட்டேன்னு சொன்னியாமே?"

"நான் எப்பண்ணே சொன்னேன்? அது உங்க கொழுந்தியா சொல்றது. வீட்ல மறுத்துப் பேசிட்டு யாரு சோறு சாப்பிடறது?" சிரித்துவிட்டுக் கேட்டார். "ஆமா, வெளியில எப்படி இருக்கும் இந்தச் சத்தம்?"

"உனக்குத் தெரியாதா?"

"உள்ள உட்கார்ந்துக்கிட்டு எனக்கு என்ன கேக்கும்? அத்தை கேக்கறாங்க, அக்கா கேக்கறாங்க, எல்லாரும் கேக்கறாங்க. நான்தான் ஒரு நாளும் கேட்டதில்ல."

கேஜ்காரருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. "நல்லா இருக்கும்" என்று சொல்லியிருக்கலாம். "சைலன்சர் ஓட்டைப்பா அது," என்றார்.

ஆலை வாசலில் கூட்டம் நின்றது. சக்கரங்கள் புகையவில்லை, நாற்றமில்லை. மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, சின்னவரின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கியவரை அப்புறம்தான் பார்த்தார்.

"நீங்க எங்க மாப்பிள்ளை இதுல?"

"இவர் இல்லாம வண்டியே கிளம்பியிருக்காது அத்தை," என்றார் முழக்கம். நட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவு சுலபமாகப் பெருமையை இன்னொருவனுக்கு எடுத்துக் கொடுக்க இவனுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேஜ்காரர் யோசித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். பட்டறையிலிருந்து விஷயம் எப்படியும் வந்து சேரும், தன் வாயால் முந்திக்கொள்வது மரியாதை.

"அந்த வண்டியில நட்டை இறுக்காம விட்டது நான்தான்."

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "நீங்களா?"

"நான்தான். அவனுக்கு மூணு நாளாத் தெரியும். என் பேரு கெட்டுடும்னு யார்கிட்டயும் சொல்லலை."

"எங்ககிட்டகூட மூச்சு விடலையே."

"விடலை."

கேஜ்காரர் காத்திருந்தார்.

"என்ன மனுஷன்!" என்றார் மனைவி.

"யாரு?"

"தங்கச்சி வீட்டுக்காரர்தான்."

"அவன் பண்ணது ஆபத்தான காரியம். போர்மேன்கிட்டப் போய் ஒத்துக்கிட்டது யாரு? அவன் மூடிடுங்கன்னுதான் சொன்னான். நான்தான் போனேன். யாரும் கூப்பிட்டுக் கேக்கலை, நானாப் போய்ச் சொன்னேன்."

"உங்க தப்பை நீங்கதானே சொல்லணும்? வேற யாரு வந்து சொல்லுவா?"

மனைவி துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு, "மத்தியானம் சாப்பிட அவங்களையும் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன். தட்டு எடுத்துப் போடுங்க," என்றார்.

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கு வராம வேற எப்ப வருவாங்க?"

கேஜ்காரர் எழுந்து போய்த் தட்டுகளை எடுத்து வரிசையாகப் போட்டார். விளிம்பு நசுங்கியது ஒன்று இருந்தது. அது சகலை உட்காரும் பக்கம் போயிற்று.